அந்தக் கை சோம்பேறிக் கை அல்ல

சோம்பேறி என்ற சொல்லை இன்றே வீட்டை விட்டுத் துரத்துங்கள். அதன் பின்னாலேயே மக்கு, தண்டம், மரமண்டை, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஒரு கூட்டமே வெளியேற வேண்டும். (மாடு மேய்ப்பது எத்தனை சூட்டிகை கேட்கும் வேலை என்று மேய்த்தவருக்குத் தெரியும். அது வேறு கதை.)

உங்கள் மகன் வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்கிறான். மழை எப்படி உருவாகிறது, கட்டபொம்மனை எந்த ஊரில் தூக்கிலிட்டார்கள், ஐந்து கிலோ தக்காளிக்கு எவ்வளவு மீதி வாங்க வேண்டும், எல்லாம் பட்பட்டென்று வருகிறது. நோட்டைத் திறந்தால் மூன்றாவது வரியில் மூச்சு முட்டுகிறது. பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்துகிறான். கோட்டைத் தாண்டிப் போகிறான். கரும்பலகையில் இருந்ததில் பாதிதான் நோட்டில் இருக்கிறது, அதிலும் பாதி எழுத்து இடம் மாறிக் கிடக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், எழுதிப் பழகாத கையில் பேனாவைப் பிடித்து மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை எழுதிவிட்டு வரட்டும். அதன் பிறகு பேசலாம்.

இது புதிதாக முளைத்த நோயும் அல்ல, செல்போன் கொண்டுவந்த கேடும் அல்ல. 1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் இருந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். வயது 14. விளையாட்டில் சுட்டி. வாசிப்பு மட்டும், வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான், அது தப்பு என்று அவனுக்குப் படவும் இல்லை. பாடம் முழுவதும் வாய்வழியே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்துவைத்திருக்கிறார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆசிரியருக்குத் தெரிந்த விஷயம் நம் ஊர் வகுப்பறைகளில் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்றால், மக்கு யார்?

பேச்சு பிள்ளைக்குத் தானாக வருகிறது. எழுத்து அப்படி வராது. மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த மூளையோடு யாரும் பிறப்பதில்லை. காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் வடிவத்தையும் இணைக்கும் வேலையை ஒவ்வொரு மூளையும் புதிதாகக் கற்றாக வேண்டும். டிஸ்லெக்ஸியா என்ற இந்த வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு அந்த இணைப்பு தாமதமாகிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பல குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது. ஆகவே “இவன் யாரைக் கொண்டு பிறந்தானோ” என்று கத்தும் அப்பா, கத்துவதற்கு முன் தன்னுடைய ஆறாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒருமுறை தேடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்ஸியா என்று பலர் நினைத்திருக்கிறார்கள். தம்ளரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தம்ளர்தான். மூளை உலகத்தை அப்படித்தான் பழகியிருக்கிறது. எழுத்தில் மட்டும் இடம் வலம் மாறினால் வேறு எழுத்து என்பது மூளைக்குப் புது விதி. சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் திருப்பித்தான் எழுதும். யு.கே.ஜி. பிள்ளை ஆங்கிலத்தில் ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதியதற்காக யாரும் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு போன பிறகும் தெரிந்த சொல்லைக்கூட எழுத்துக்கூட்டித் திணறினால், நேற்று வாசித்த அதே சொல் இன்று புதிதாகத் தெரிந்தால், அப்போது ஓடுங்கள்.

தமிழ் எழுத்து தனக்கென்று சில சோதனைகளை வைத்திருக்கிறது. ‘கொ’ என்று எழுதச் சொல்கிறோம். காதுக்கு ‘க்’ முதலில் வருகிறது, ‘ஒ’ பிறகு வருகிறது. கையோ கொம்பை முதலில் போட்டு, ககரத்தை நடுவில் வைத்து, காலைக் கடைசியில் போட வேண்டும். கேட்ட வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறு. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இன்னொரு ந. ல, ள, ழ. 247 எழுத்து என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்வதை, ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி மேசையில் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில்தான் கை வருகிறது. எழுத்தை நினைவிலிருந்து எடுப்பது ஒரு போராட்டம். எடுத்ததை விரலால் வரைவது இன்னொரு போராட்டம். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளில் பலருக்கு எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியாவும், உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் டிஸ்பிராக்ஸியாவும், கவனக் குறைவும் கூடவே இருக்கின்றன. சுழியை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதிலேயே முழுக் கவனமும் செலவானால், என்ன எழுத வந்தோம் என்பது எங்கே நிற்கும்? நமக்குக் கை தானாக ஓடுகிறது, அதனால் மனம் யோசிக்கிறது. அவனுக்குக் கையைத் தள்ளுவதே மனத்தின் வேலையாகிவிடுகிறது. பதில் தெரிந்தும் தாள் காலியாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்தக் கைக்கு ஒரு மருத்துவம் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி, மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் ஓ.டி. என்றுதான் சொல்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவது, ஷூ லேஸ் கட்டுவது, பை அடுக்குவது, கத்தரிக்கோல் பிடிப்பது, எழுதுவது என்று பிள்ளையின் அன்றாட வேலைகளை அவனே செய்ய வைக்கும் துறை. இந்தியாவில் இதற்கு விதை போட்டவர் ஒரு பெண். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து கமலா நிம்ப்கர் ஆனவர். நடுவயதில் மறுபடி மாணவியாகி இந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்து, 1950-இல் மும்பையில் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். புதிதாக ஒன்றைக் கற்க வயதாகிவிட்டது என்று அலுத்துக்கொள்ளும் அம்மா அப்பாக்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உட்படப் பல இடங்களில் இது பட்டப்படிப்பு.

நல்ல தெரபிஸ்ட் ஒருவர், பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பாதியைப் பார்த்துவிடுவார். பிள்ளை எப்படி உட்காருகிறான்? கால் தரையில் படுகிறதா, தொங்குகிறதா? தலையை ஒரு கையில் முட்டுக் கொடுத்துக்கொண்டா எழுதுகிறான்? மற்றக் கை தாளைப் பிடிக்கிறதா, மடியில் தூங்குகிறதா? உடம்பின் இடப்பக்கம் இருக்கும் பொருளை எடுக்க வலக்கை நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறதா? கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலைத் தொட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரிகிறதா? பிறகு வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் என்று வரையச் சொல்வார். சாய்கோடு கடைசியாகத்தான் கைக்கு வரும். முக்கோணமே வராத கையிடம் போய் நாம் ‘ஞ’ எழுதவில்லை என்று குச்சியை ஓங்கியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு வரும் மாற்றங்களில் பலவற்றுக்குக் காசே ஆகாது. கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை, அல்லது இரண்டு செங்கல். உடம்பு நிலையாக நின்றால்தான் தோள் நிற்கும், தோள் நின்றால்தான் விரல் ஓடும். மேசைமேல் ஒரு சாய்வுப் பலகை. முழு நீளப் பென்சிலுக்குப் பதில் கட்டைவிரல் அளவுத் துண்டுப் பென்சில், துண்டுச் சாக்பீஸ். மூன்று விரலுக்குமேல் அதில் இடமே இல்லாததால் பிடி தானாகத் திருந்தும். கோடுகளுக்கு வண்ணம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதுவதற்குப் பதில் மேசையில் ஒரு தாள், ஏனென்றால் நிமிர்ந்து பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து, விட்ட இடத்தைத் தேடுவதற்குள் அவனுடைய வரி தொலைந்துபோகிறது. நாளைக்கு எந்தப் புத்தகம் என்பதற்குப் படம் வரைந்த ஒரு அட்டை. கொஞ்சம் பெரியவனானதும் கணினியில் தட்டச்சு.

இவற்றில் எதுவும் அற்புதம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஒரு வெற்றியைக் கொடுக்கிறது, அதுவும் தினமும். நான் இந்தத் துறையைக் கொண்டாடுவது அதற்காகத்தான்.

தன்னம்பிக்கை காது வழியாக ஏறாது. “உன்னால் முடியும் கண்ணா” என்று காலையில் நூறு முறை சொல்லி அனுப்புங்கள். மாலையில் சிவப்பு மையால் குதறிய நோட்டு “முடியாது” என்று ஒரே ஒரு முறை சொல்லும். எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம்பிக்கைப் பேச்சாளர்கள் என்னை மன்னிக்கட்டும்: செய்து முடித்த கைக்குத்தான் துணிவு வருகிறது. முதல் முறையாகத் தன் ஷூ லேஸைத் தானே கட்டிய பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற ஓ.டி. நிபுணர், புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைப்பதற்கும் கற்றல் சிக்கல்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1972-இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய கோட்பாட்டின் எல்லாப் பகுதிகளையும் ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் அவர் வற்புறுத்திய ஒன்றை இன்றும் நல்ல தெரபிஸ்டுகள் கைவிடுவதில்லை: சலிப்பூட்டும் அளவுக்கு எளிதாகவும் இல்லாமல், கைவிட வைக்கும் அளவுக்குக் கடினமாகவும் இல்லாமல், எட்டிப் பிடித்தால் கிடைக்கும் உயரத்தில் வேலையை வை. பிள்ளை எட்டிப் பிடித்ததும் உயரத்தை ஒரு விரற்கடை ஏற்று.

இப்போது ஒரு கசப்பான உண்மை. ஓ.டி. டிஸ்லெக்ஸியாவைக் குணப்படுத்தாது. வாசிப்பு வர வேண்டுமென்றால் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் வேண்டும். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம் இருவரும் 1930-களில் வளர்த்த முறையின் வாரிசுகள்தான் இன்று உலகமெங்கும் பயன்படுகின்றன. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல்லாண்டுகளாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. வாசிப்புக்குச் சிறப்பாசிரியர், கைக்கும் அன்றாடத்துக்கும் ஓ.டி. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டின் பலனையும் எதிர்பார்க்காதீர்கள். ஊஞ்சல் ஆடினால் வாசிப்பு வந்துவிடும் என்று எவராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். கைவலிமைக்கு மாவு பிசைவது நல்லதுதான், ஆனால் கையெழுத்து திருந்த எழுதித்தான் பழக வேண்டும். மாவு மட்டும் பிசைந்தால் சப்பாத்திதான் வரும்.

ஊஞ்சல்காரர்களைவிடக் கொடியவர்கள் இருக்கிறார்கள். 90 நாளில் டிஸ்லெக்ஸியா குணம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைப்பதாகச் சொல்லும் மிட்பிரெயின் ஆக்டிவேஷன் வியாபாரிகள். வண்ணக் கண்ணாடி போட்டால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பவர்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்ஸியாவுக்கு உதவும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கண் மருத்துவர்களோடு சேர்ந்து 2009-இலேயே அறிக்கை விட்டாயிற்று. பெற்ற வயிறு பதறுவது இவர்களுக்கு மூலதனம். தாலியை அடகு வைத்து இவர்களிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

“எங்கள் ஊரில் ஓ.டி. இல்லையே” என்பீர்கள். பெரும்பாலான ஊர்களில் இல்லை, உண்மைதான். ஆனால் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அது பார்க்கும் குறைகளின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அதன் கீழ் மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். வாரம் இரு முறை போக முடியாதவர்கள் மாதம் ஒரு முறை போங்கள். போகும்போது “வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுங்கள்” என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்டுக்கு அதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

வீட்டில் என்ன இல்லை? பூ கட்டச் சொல்லுங்கள், பையனையும்தான். பட்டாணி உரிக்கட்டும். துணிக்குக் கிளிப் மாட்டட்டும். முறுக்கு பிழியட்டும். பல்லாங்குழியில் ஒவ்வொரு சோழியாகப் போடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேசிக்கொள்கின்றன. பாண்டி ஆடும்போது உடம்பு தன் இடம் வலத்தைக் கற்கிறது. இவற்றையெல்லாம் நேரத்தை வீணாக்கும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு, நான்கு வயதில் நாலு கோடு நோட்டை நீட்டியது நாம்தான்.

மணலில் எழுதுவதும் அப்படித்தான். இன்று டிஸ்லெக்ஸியா வகுப்புகளில் மணல் தட்டில் விரலால் எழுத வைத்து, எழுதும்போதே ஒலியைச் சொல்லவும் வைக்கிறார்கள். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைப் பிடிக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அசந்துபோனார். அதைத் தன் விடுதியிலும் புகுத்தினார். 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிப் போனதை நம் பிள்ளைக்கு ஒரு தாம்பாளம் மணலில் மறுபடி எடுத்துக் கொடுக்க என்ன தயக்கம்?

தம்பி, தங்கச்சி, இனி உன்னிடம் பேசுகிறேன். இதை உனக்கு யாராவது வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். இருக்கட்டும், காதால் படிப்பதும் படிப்புதான். ஐன்ஸ்டீனுக்கும் டிஸ்லெக்ஸியா என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அந்தக் கதை உனக்குத் தேவையும் இல்லை. உண்மையான ஆட்கள் இருக்கிறார்கள். கரோல் கிரைடர் என்ற அமெரிக்கப் பெண் பள்ளியில் எழுத்துக்கூட்ட முடியாமல் தவித்தார். தன்னை முட்டாள் என்றே நம்பினார். சொற்களை அப்படியே மனப்பாடம் செய்து தப்பித்தார். 2009-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டீவர்ட் 1969, 1971, 1973 என்று மூன்று முறை ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய உலகச் சாம்பியன். வாசிப்பு வராததற்கு டிஸ்லெக்ஸியா காரணம் என்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மகனைப் பரிசோதிக்கப் போன இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டே மூன்று கோப்பைகளையும் வாங்கிவிட்டார்!

நீ நோபல் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் பேருந்தின் பலகையை நீயே வாசி. வங்கிப் படிவத்தை நீயே நிரப்பு. உன் காதல் கடிதத்தை நீயே எழுது; பிழை இருந்தால் இருக்கட்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பது உனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது, ஆனாலும் தினமும் எழுந்து பள்ளிக்குப் போகிறாய். உன் வகுப்பில் உன்னைவிட அதிகம் உழைக்கிறவன் யாரும் இல்லை. உன்னைச் சோம்பேறி என்று சொன்னவரைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொள். பிறகு பென்சிலை எடு.

பெற்றோரே, கடைசியாக ஒரு வேலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அதில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, அதைக் கடக்கத் தகுந்த கற்பித்தல் ஏற்பாடுகளைச் செய்வதைப் பள்ளியின் பொறுப்பாகவே வைக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்றவை கிடைக்கும். மொழிப்பாட விலக்கும் உண்டு. ஆனால் தாய்மொழியை விடும் முடிவை அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. சான்றிதழ் கிடைக்க நாளாகும், பத்தாம் வகுப்பு வரை காத்திருந்தால் பந்தி முடிந்துவிடும்.

அதனால் இன்று இரவே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். தலைமையாசிரியருக்கு, உங்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்தவை, மதிப்பீடு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை, 16-ஆம் பிரிவு, தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி எழுதுங்கள். நாளைக் காலை பள்ளிக்குப் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு ஒப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.